மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கச்சிமார்களுக்கு,

ஏற்காட்டிலும் நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், வாழவந்தி, செம்மநத்தம் பக்கத்திலும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்ச் சனத்தின் வேலையைப் பார்க்கிற உங்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இ-சேவை மையத்தில் இருப்பவர்கள், ஜெராக்ஸ் கடையில் ‘ஆன்லைன் அப்ளை செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டியிருப்பவர்கள், காபி எஸ்டேட் ஆபீசில் கூலிக் கணக்குப் போடும் ரைட்டர்கள், லாட்ஜ் ரிசப்ஷனில் ரூம் என்ட்ரி போடுபவர்கள், யாரையும் விடவில்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹயர் என்று பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். மெஷின்கள் காயலான் கடைக்குப் போனபிறகு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வயதாகி, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கும் கூட்டத்தோடு சேர்ந்தாகிவிட்டது. ஆனாலும் பழைய தொழில்புத்தி போகவில்லை; கண் உங்கள் விரல்களையேதான் பார்க்கிறது. பார்த்ததை அங்கேயே சொன்னால் வரிசையில் நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். அதனால்தான் கடிதம்.

யூடியூபைத் திறந்தால் ‘உங்களுக்குத் தெரியாத 100 ஷார்ட்கட்’ என்று வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதில் தொண்ணூறு உங்களுக்கு ஒருநாளும் பயன்படாது. வேகமாக அடியுங்கள் என்று நான் கேட்கப் போவதுமில்லை. சர்வர் சுற்றிக்கொண்டு நிற்கும்போது விரல் பறந்து என்ன ஆகிவிடும்? மாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா காலை பஸ்ஸைப் பிடித்து வருகிறார். அன்றைக்கு அவருக்குத் தோட்டத்தில் கூலி கிடையாது. வந்த காரியம் முடியாவிட்டாலும், தப்பாக முடிந்தாலும், இன்னொரு நாள் கூலியும் சேர்ந்து போகும். அவர் அதே வேலைக்கு இரண்டாம் தடவை வராமல் இருக்க எந்தப் பட்டன் உதவும் என்பது மட்டும்தான் எனக்குக் கவலை.

இரண்டு பட்டனுக்கு நடுவே + போட்டிருந்தால், முதலாவதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தட்ட வேண்டும். விண்டோஸ் பட்டன் என்பது ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் ஜன்னல் படம் போட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் டேப். கீபோர்டின் இடது ஓரத்தில் சும்மா கிடக்கிறது, பாவம். ஒரு பெட்டியில் பெயரை அடித்ததும் கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, அடுத்த பெட்டியில் கிளிக் செய்து, மறுபடி கையைக் கீபோர்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். டேப் தட்டினால் கர்சர் தானாக அடுத்த பெட்டிக்குப் போகும். ஷிஃப்ட் + டேப் பின்னால் திரும்பும். டிக் போடும் கட்டத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் டிக் விழும். பட்டியல் விரிகிற பெட்டி வந்தால் ஆல்ட் + கீழ் அம்புக்குறி. பட்டியல் விரிந்ததும் வேண்டிய சொல்லின் முதல் சில எழுத்துகளைத் தொடர்ந்து தட்டினால் நேராக அங்கே போய் நிற்கும்.

இதைப் போய் ஏன் இவ்வளவு விரிக்கிறார் என்று தோன்றும். நம் மலையில் அந்தப் பட்டியல் பெட்டி லேசுப்பட்டதல்ல. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலை ஆங்கில எழுத்து வரிசையில் பாருங்கள்: மலை அரையன், மலைப் பண்டாரம், மலை வேடன், மலைக்குறவன், மலசர், மலையாளி, மலையக்கண்டி. ஒரே மாதிரித் தொடங்கும் ஏழு பெயர், ஒன்றன்கீழ் ஒன்று. சேர்வராயன் மலையில் சாதிச் சான்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். மவுஸ் ஒரு வரி மேலே பட்டால் மலையாளி மலசராகிவிடுவார். எஸ்.டி. சான்று தாசில்தார் மட்டத்தில் முடிவதில்லை, கோட்டாட்சியர் தர வேண்டியது. விண்ணப்பம் அவ்வளவு தூரம் போய், அங்கே யாரோ கண்டுபிடித்து, ‘விவரம் பொருந்தவில்லை’ என்று தள்ளுபடி ஆகும். காலேஜ் அட்மிஷன் தேதி அதற்காகக் காத்திருக்காது. வந்தவர் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அது மவுஸ் செய்த வேலை.

மவுஸ் வேறு விதத்திலும் காலை வாரும். நீங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். ஆனால் பெட்டியை விட்டு வெளியே வராமலே, பக்கத்தைக் கீழே இறக்கலாம் என்று சக்கரத்தை உருட்டினீர்கள். சில பிரவுசர்களில், சில படிவங்களில் அப்போது பக்கம் இறங்காது. பெட்டிக்குள் இருக்கும் தேர்வு ஒரு வரி இறங்கும். திரையில் அது நடப்பது கண்ணில் படவே படாது. தேர்ந்தெடுத்த கையோடு டேப் தட்டி வெளியேறிவிட்டால் இந்த வம்பு இல்லை.

சப்மிட் கொடுக்கும் முன் மானிட்டரைக் கொஞ்சம் வந்தவர் பக்கம் திருப்புங்கள். கன்ட்ரோல் + பிளஸ் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் எழுத்து பெரிதாகும். கன்ட்ரோல் + 0 பழையபடி ஆக்கிவிடும். படிக்கத் தெரிந்தவர் தன் பெயரையும் அப்பா பெயரையும் தானே பார்க்கட்டும். தெரியாதவருக்கு நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். கூட்டம் நிற்கிறதே என்பீர்கள். அரை நிமிஷம்தான். கூட்டத்தில் நிற்பவர்களும் தங்கள் முறை வரும்போது அதைத்தான் விரும்புவார்கள்.

பெயர் என்றதும் அடுத்த தலைவலி. ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டில் இன்னொன்று, ஸ்கூல் டிசியில் மூன்றாவது. அதை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் தீர்க்கவும் முடியாது. நான்காவது ஒன்றை உண்டாக்காமல் இருக்கலாம். ஒருமுறை சரிபார்த்து அடித்த பெயரை மறுபடி அடிக்காதீர்கள். கன்ட்ரோல் + சி போட்டு எடுத்து, கன்ட்ரோல் + வி போட்டு ஒட்டுங்கள். இந்த ஏற்பாட்டை 1970களில் அமெரிக்காவில், ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். நம் ஊரில் கடைக்கே பெயராகிப்போன அதே ஜெராக்ஸ்தான். பிறகு 1983ல் வந்த ஆப்பிள் லிசா கம்ப்யூட்டர், கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் இசட், எக்ஸ், சி, வி நான்கையும் முறையே செய்ததைத் திருப்ப, வெட்ட, நகல் எடுக்க, ஒட்ட என்று கொடுத்தது. ஒரு கை மவுஸில் இருந்தாலும் இடது கையாலேயே எட்டிவிடலாம். 2020 பிப்ரவரியில் டெஸ்லர் காலமானார். ஒரு பட்டன் ஒரு நேரம் ஒரு வேலையும் இன்னொரு நேரம் வேறொரு வேலையும் செய்யக்கூடாது என்பது அவர் பிடிவாதம்; தன் கார் நம்பர் பிளேட்டிலேயே அந்தக் கொள்கையைப் போட்டிருந்தார். கேப்ஸ் லாக் எரிவது தெரியாமல் பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்து, அக்கவுண்ட் லாக் ஆகி உட்கார்ந்திருக்கிற யாரைக் கேட்டாலும் அவர் பக்கம்தான் பேசுவார்கள்.

ஒட்டும்போது எழுத்தின் அளவும் நிறமும் கூடவே வந்து கண்டபடி நின்றால், கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. பிரவுசரில் அது வெறும் எழுத்தை மட்டும் ஒட்டும். ஐந்தாறு விவரத்தை மாறி மாறி ஒட்ட வேண்டியிருந்தால் விண்டோஸ் + வி. முதல்முறை அழுத்தும்போது ‘ஆன் செய்யவா’ என்று கேட்கும். சரி என்றால் அதன்பிறகு கடைசியாக நீங்கள் எடுத்த 25 நகல் வரை பட்டியலாக வைத்திருக்கும். அருமையான வசதிதான். ஆனால் அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எஸ்டேட் ரைட்டர்களுக்குத் தனியாக ஒரு சேதி. எக்செல் மிகவும் புத்திசாலி. அந்தப் புத்திசாலித்தனம்தான் ஆபத்து. புல எண் 12, உட்பிரிவு 3 என்பதை 12/3 என்று அடித்துப் பாருங்கள். எண்டர் தட்டியதும் அது மார்ச் 12ஆம் தேதி ஆகிவிடும். நிலம் தேதியாகிப்போகும். ஆதாரின் 12 இலக்கத்தைச் சேர்த்து அடித்தால் 1.23 என்று ஏதோ ஆரம்பித்து நடுவில் ஒரு ஆங்கில எழுத்தோடு நிற்கும். அதையாவது கட்டத்தை அகலப்படுத்தி, எண் வடிவத்தை மாற்றி மீட்டுவிடலாம். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். அதை மீட்க வழியே இல்லை. சனிக்கிழமை கூலி யார் கணக்குக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து ஒற்றை மேற்கோள் குறி. எண்டர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது. எண்ணுக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டு அடித்தால் எக்செல் வாயை மூடிக்கொண்டு, கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். குறி கட்டத்தில் தெரியாது, அச்சிலும் வராது. கணக்கு எண் போடும் நெடுவரிசை முழுவதையும் முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் குறி போடும் வேலையும் மிச்சம்.

நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்தக் கதி என்று வருத்தப்பட வேண்டாம். உலகத்து மரபணு விஞ்ஞானிகளையே எக்செல் இப்படி அலைக்கழித்திருக்கிறது. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சில மரபணுக்களுக்குப் பெயர். அட்டவணையில் போட்டதும் மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாகிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே அந்தத் தப்பு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில், 2020ல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. ‘செப்ட்1’ இப்போது ‘செப்டின்1’. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023ல்தான் எக்செல்லில் சேர்த்தது. உங்கள் ஆபீசில் இருக்கும் பழைய எக்செல்லில் அது இருக்காது. மேற்கோள் குறியை நம்புங்கள்.

கணக்கு எண்ணோடு ஐஎஃப்எஸ்சி குறியீடும் வரும். மொத்தம் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிட்டுப் பணம் ஏன் போகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மற்றபடி, எக்செல்லில் கூட்டுத்தொகைக்கு ஆல்ட் + சமக்குறி, இன்றைய தேதிக்கு கன்ட்ரோல் + அரைப்புள்ளி. இந்த இரண்டோடு மஸ்டர் வேலை பாதி முடியும்.

கரண்டு விஷயத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்காவது ஒரு சில்வர் ஓக் சாய்ந்து கம்பியில் விழும். அப்புறம் மலை முழுக்க இருட்டு. யுபிஎஸ் இருந்தால் கீச்சுக் கீச்சென்று சில நிமிஷம் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியது கன்ட்ரோல் + எஸ். வேர்டில், எக்செல்லில் தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். வழக்கமாக அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான் நகல் எடுத்து வைக்கும்; ஒன்பதாவது நிமிஷத்தில் கரண்டு போனால் ஒன்பது நிமிஷ வேலை காலி. ஒரு பாரா முடிந்தால், ஒரு வரிசை முடிந்தால், கன்ட்ரோல் + எஸ் தட்டிவிடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் யுபிஎஸ் கத்துவதற்காகக் காத்திருக்கவே வேண்டாம். சேமித்தபின் விண்டோஸ் + டி தட்டினால் எல்லாம் ஒதுங்கி வெறும் டெஸ்க்டாப் வரும்; அங்கே ஆல்ட் + எஃப்4 தட்டினால் கம்ப்யூட்டரை நிறுத்தவா என்று ஒரு பெட்டி கேட்கும்; எண்டர். இருட்டில் மவுஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிரவுசரில் நிரப்பும் படிவத்துக்கு கன்ட்ரோல் + எஸ் உதவாது. அங்கே ‘செஷன் முடிந்துவிட்டது’ என்று ஒரு வரி வந்தால் போதும், அடித்தது எல்லாம் அம்போ. அதனால் மனு, குறை, முகவரி என்று நீளமாக எழுத வேண்டியதை முதலில் நோட்பேடில் அடித்துச் சேமித்துக்கொண்டு, பிறகு அங்கிருந்து ஒட்டுங்கள். தவறி ஒரு டேபை மூடிவிட்டால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அந்தப் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும். உள்ளே அடித்தது திரும்ப வருமா என்பது அதிர்ஷ்டம். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும், எவ்வளவு நேரம் சுற்றினாலும், எஃப்5 தட்டிவிடாதீர்கள். இரண்டு முறை பணம் போய்விட்டு, ஒன்று திரும்ப வருவதற்குள் அந்தக் குடும்பம் படும் பாடு உங்களுக்கே தெரியும். முதலில் வங்கி மெசேஜ் வந்ததா என்று வந்தவர் போனில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எல்லாம் முடிந்து விண்ணப்ப எண் திரையில் வந்ததும் பிரின்டரில் பேப்பர் இருக்காது, அல்லது இங்க் தீர்ந்திருக்கும். இது ஒரு விதி போலவே நடக்கிறது. விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் தட்டி, அந்த இடத்தை மட்டும் இழுத்துப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோல் + பி கொடுத்து, பிரின்டருக்குப் பதிலாகப் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுங்கள். வந்தவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால், அந்த ஒரு தாளுக்காக அவர் மறுபடி பஸ் ஏற வேண்டாம்.

கன்ட்ரோல் + எஃப் தேடுவதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாக்காளர் பட்டியலைத் திறந்து தேடினால் பெயர் கிடைப்பதில்லை. உடனே ‘உங்கள் பெயர் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். பல பிடிஎஃப்கள் வெறும் படம். அதில் எழுத்து என்று எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் எதைத் தேடும்? மவுஸால் ஒரு வரியைத் தடவிப் பாருங்கள். நீல நிறம் விழவில்லை என்றால் அது படம். அப்போது வாக்காளர் அடையாள எண்ணைக் கொண்டு தேர்தல் ஆணையத்தின் தேடல் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

படமாக இல்லாமலும் தேட முடியாமல் போகலாம். பழைய ஃபைல் வானவில் அவ்வையார் எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ மந்திரம் மாதிரி தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்; எழுத்துருவைப் போட்டால் வந்துவிடும், யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. புதிதாக அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள்.

எதில் அடிப்பது? லோயர் பாஸ் செய்து டைப்ரைட்டர் முறையில் விரல் ஓடுகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றச் சொல்ல மாட்டேன். நான் வளர்த்த பயிர் அது. ஆனால் ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்று அடித்துத் தமிழ் வரவைக்கும் பிள்ளைகள் தமிழ்99ஐ ஒரு வாரம் முயன்று பாருங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் எல்லாம் இடது கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப் பக்கம். மஞ்சக்குட்டை என்று அடிக்க வேண்டுமா? ம, ஞ, ச, க, க, உ, ட, ட, ஐ. ஒன்பது தட்டு. எங்கேயும் புள்ளி வைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படித்தான். ஆங்கில வழியில் அதே ஊருக்குப் பன்னிரண்டு தட்டு, அதிலும் எந்த ‘ன’ வரும் என்று பார்த்துத் திருத்த வேண்டும். ந, ன, ண குழப்பத்தால் சான்றிதழில் பெயர் மாறிப்போனவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் 10ன் பிந்தைய பதிப்புகளிலும் 11லும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. செட்டிங்கில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் + ஸ்பேஸ். 2011 செப்டம்பரில் அரசு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது பிளஸ் டூ படித்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அந்த மெஷின் இன்னும் ஓடினால் அதில் இது தானாக இருக்காது. இலவச மென்பொருளைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, பின்னால் வருகிறேன் என்ற வில்லங்கம். விண்டோஸ் + வி பட்டியலைத் திறந்து பாருங்கள். காலையில் வந்தவரின் ஆதார் எண், அடுத்தவரின் கணக்கு எண், யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டு, எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அடுத்த ஆளைக் கூப்பிடும் முன் அதே பட்டியலில் ‘எல்லாம் அழி’ என்பதைத் தட்டிவிடுங்கள். டீ குடிக்க எழுந்து போனால் விண்டோஸ் + எல்; திரை பூட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரின் மெயிலையோ வங்கிக் கணக்கையோ உங்கள் மெஷினில் திறக்க வேண்டி வந்தால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என் தட்டி இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள்; அந்த ஜன்னலை மூடியதும் லாகின் தடம் அதோடு போய்விடும். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போது பழக்கதோஷத்தில் ஆமாம் கொடுக்கும் கையை அடக்குங்கள்.

லாட்ஜ்காரர்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். மே மாதக் கோடை விழா நேரத்தில் ரூம் கிடைத்தால் போதும் என்று ஓடிவரும் குடும்பங்கள், கேட்ட உடனே ஆதாரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். அது ரிசப்ஷன் மெஷினில் வாட்ஸ்அப் வெப் வழியாக இறங்கி, சீசன் முடிந்தும் அங்கேயே கிடக்கிறது. முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டு நின்ற பையனின் போன் இன்னும் அந்த மெஷினோடு இணைந்திருக்கிறதா என்று அவன் வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புக்கு 2023லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, வந்தவர் மேல் மரியாதை வைத்துச் செய்தாலும் சரி, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஊர்ப்பட்ட ஆதாரும் பட்டாவும் கிடக்கிற மெஷின் அப்படி இருக்கக்கூடாது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யலாம். கன்ட்ரோல் + ஜே தட்டினால் பிரவுசரில் இறக்கியவை எல்லாம் பட்டியலாக வரும். அங்கிருந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய், வேலை முடிந்தவற்றை ஷிஃப்ட் + டெலிட் கொடுத்து அழியுங்கள். அது குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராக அழியும். ஆகவே எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டுங்கள். இன்று சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன் திறந்து பாருங்கள். போன மாதம் நான் எடுத்த பட்டா நகலும் அதில் எங்காவது இருக்கும். அதையும் சேர்த்து அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
பெஞ்சிலிருந்து ஒரு பழைய டைப்ரைட்டிங் வாத்தியார்
ஏற்காடு